பொன்மொழிகளும் அவற்றின் வினாக்களும்: மனித இயல்பு, நம்பிக்கை, நவீன சமுதாயம் பற்றிய ஒரு நோக்கு

மனித இயல்பு இத்தகையது, நம்பிக்கை இன்ன தன்மையது, சமுதாயத்திலே வாழவேண்டிய நெறி இது என்று ஓரிரு வரிகளிற் கூறிமுடிக்கும் வாக்கியங்கள் எல்லா மொழிகளிலும் வழங்குகின்றன. கூறியவர் யாரென அறியப்படாது மக்கள் நாவிலே வாழ்பவற்றைப் பழமொழி என்றும், புகழ்பெற்ற ஒருவரின் பெயரோடு சார்த்தி வழங்குபவற்றைப் பொன்மொழி என்றும் நாம் பொதுவாக வேறுபடுத்துகிறோம். பாடசாலைச் சுவர், நாட்காட்டித் தாள், மேடைப்பேச்சு, பத்திரிகைத் தலையங்கம், இன்று கையடக்கத் தொலைபேசியின் திரை ஆகிய அனைத்திலும் இவை இடம்பெறுகின்றன. தோற்றத்தால் வேறுபடினும் இவ்விரு வகைக்கும் பொதுவான ஓர் உரிமைகோரல் உண்டு. தாம் கூறும் உண்மை காலம், இடம், வர்க்கம் என்பவற்றைக் கடந்தது என்பதே அது.

இவ்வுரிமைகோரலைப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இத்தகைய வாக்கியம் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில், ஓர் இடத்தில், யாரோ ஒருவர் எதிர்நோக்கிய வினாவுக்கு அளிக்கப்பட்ட விடையாகும். வினா மறக்கப்பட்டு விடை மாத்திரம் எஞ்சும்போது அது இயற்கையின் விதிபோலத் தோற்றமளிக்கத் தொடங்குகிறது. சமுதாய உறவொன்று இயற்கை விதியாகத் தோன்றுமாயின் அதனை மாற்றலாம் என்ற எண்ணமே எழாது போய்விடும். ஆதலின் பொன்மொழிகளை அவற்றின் வினாக்களோடு சேர்த்துப் படிப்பது வெறும் மொழியாராய்ச்சியன்று. சமுதாய விமர்சனத்தின் ஒரு பகுதியுமாகும்.

தமிழ் மரபில் முதுமொழி

தமிழிலே இத்துறை மிகப் பழைமை வாய்ந்தது. தொல்காப்பியச் செய்யுளியல் முதுமொழியை ஒரு தனி யாப்பு வகையாகவே கொண்டு அதற்கு இலக்கணம் வகுக்கின்றது. நுட்பம், சுருக்கம், தெளிவு, எளிமை ஆகிய இயல்புகளைக் கூறியதோடு அது அமையவில்லை. ஒருவர் கருதிய பொருளை நிலைநாட்டுவதற்குக் காரணமாக வந்து நிற்பது முதுமொழி என்றும் அது குறிப்பிடுகின்றது. இவ்விலக்கணம் கூர்ந்து நோக்கற்பாலது. வடிவத்தால் மட்டுமன்றிப் பயன்பாட்டாலும் முதுமொழி வரையறுக்கப்படுகிறது. யாரோ ஒருவர், எதனையோ நிறுவுவதற்காக, ஒரு வாதத்தின் நடுவே அதனைக் கையாளுகிறார் என்பது இவ்வரையறையிலேயே அடங்கியுள்ளது. அமெரிக்கத் திறனாய்வாளர் கெனத் பர்க் 1938இல் எழுதிய கட்டுரையொன்றிலே, பழமொழிகளை வாழ்க்கையில் மீண்டும் மீண்டும் நேரும் நிலைமைகளை எதிர்கொள்வதற்கான உபாயங்கள் என விளக்கினார். இருவரும் வெவ்வேறு உலகத்தவர். எனினும் சொல்லைச் சூழ்நிலையோடு இணைத்து நோக்கும் பார்வை இருவருக்கும் பொதுவாகும்.

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் மதுரைக் கூடலூர் கிழார் இயற்றிய முதுமொழிக்காஞ்சி பத்துப் பத்தாக நூறு வாக்கியங்களைக் கொண்டது. முன்றுறை அரையனாரின் பழமொழி நானூறு ஒவ்வொரு வெண்பாவிலும் ஒரு பழமொழியை அமைத்துச் செல்வது. மக்கள் வழக்கிலிருந்த சொல்லை எழுத்தறிவுடையோரின் அறநூல் தன்வயப்படுத்திக்கொண்டமைக்கு இது தெளிவான சான்றாகும். நவீன காலத்திலே பழமொழிகளைத் திரட்டி அச்சேற்றும் முயற்சியில் யாழ்ப்பாணத்துக்கு முக்கிய இடமுண்டு. உவெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் 1840களின் தொடக்கத்தில் இங்கு ஒரு தொகுதியை ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். 1874இல் சென்னையில் வெளிவந்த அவரது விரிந்த பதிப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள் இடம்பெற்றன. இத்தொகுதிகளால் நாம் பெற்ற நன்மை பெரிது. எனினும் அகரவரிசையில் அடுக்கப்பட்டபோது ஒவ்வொரு பழமொழியும் தன்னைப் பேசியவரையும் பேசிய வேளையையும் இழந்தது. அச்சு வடிவம் சொல்லைக் காத்தது, சூழலைக் கைவிட்டது.

மனித இயல்பு என்னும் பெயரில்

பழமொழிகள் ஒன்றையொன்று மறுப்பன என்பது யாவரும் அறிந்ததே. தலையெழுத்தை அழித்தெழுத முடியாது என்று கூறும் அதே ஊர், விதியை மதியால் வெல்லலாம் என்றும் கூறுகிறது. தன் கையே தனக்குதவி என்பதும், தனிமரம் தோப்பாகாது என்பதும் ஒரே வீட்டிலே ஒரே நாளிற் கேட்கக்கூடியவை. இம்முரண்பாட்டைக் கண்டு நகைப்போர் உளர். ஆனால், முரண்பாடு பழமொழிகளின் குறையன்று. நிலமுடையவனது அநுபவமும் நிலமற்றவனது அநுபவமும், மாமியின் அநுபவமும் மருமகளின் அநுபவமும் ஒன்றாயிராமையால் அவற்றிலிருந்து பிறக்கும் முடிபுகளும் ஒன்றாயிருப்பதில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது மனித இயல்பு பற்றிய பொதுவுண்மையன்று. கூட்டுக்குடும்ப அமைப்பிலே அதிகாரம் எவ்வாறு பங்கிடப்பட்டிருந்தது என்பதற்கு மருமகள் அளித்த வாக்குமூலமாகும்.

ஒளவையார் பெயரால் வழங்கும் இரு நீதிநூல்கள் இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கன. மூதுரையின் செய்யுளொன்று, நீரின் அளவு ஆம்பலின் உயரத்தை நிர்ணயிப்பதுபோல ஒருவரின் குணத்தை அவர் பிறந்த குலமே நிர்ணயிக்கும் என்னும் கருத்துப்படப் பேசுகின்றது. நல்வழியோ, கொடுப்போர் கொடாதோர் என்னும் இரு பிரிவினரைத் தவிர உலகில் வேறு சாதியில்லை என்னும் கருத்தினை முன்வைக்கிறது. இரண்டும் ஒரே பெயரைத் தாங்கி, ஒரே திண்ணைப் பள்ளியில், ஒரே மாணவனுக்குப் போதிக்கப்பட்டன. மனித குணம் பிறப்பாலமைவதா, செயலாலமைவதா என்ற வினா தமிழ்ச் சமுதாயத்தில் ஒருபோதும் முடிந்த முடிபாக இருந்ததில்லை என்பதையும், அது தொடர்ந்த ஒரு போராட்டக் களமாகவே இருந்துவந்தது என்பதையும் இம்முரண் எமக்குணர்த்துகின்றது. இவற்றுள் எதனை மேற்கோளாக எடுத்தாளுகிறோம் என்பது அப்போராட்டத்தில் நாம் எப்பக்கம் நிற்கிறோம் என்பதைக் காட்டும்.

ஐரோப்பியப் பொன்மொழி இலக்கியத்திலிருந்து ஓர் உதாரணம் நோக்குவோம். பிரெஞ்சுப் பிரபுவான லா ரோஷ்பூக்கோ 1665இல் வெளியிட்ட நீதிவாக்கியங்கள், மனித இயல்பை ஈவிரக்கமின்றித் திறந்துகாட்டும் நூல் எனப் போற்றப்படுவது. நட்பு, நன்றியறிதல், வீரம், இரக்கம் ஆகிய அனைத்து நற்பண்புகளின் அடியிலும் தன்னலமே மறைந்திருக்கிறது என்பது அதன் மையக் கருத்தாகும். அவரது வாழ்நாளில் ஐந்து பதிப்புகளைக் கண்ட இந்நூல் 1678ஆம் ஆண்டின் இறுதிப் பதிப்பிலே 504 வாக்கியங்களைக் கொண்டிருந்தது.

இவ்வாக்கியங்கள் எவ்வாறு தோன்றின? பிரெஞ்சு முடியின் மையப்படுத்தப்பட்ட அதிகாரத்தை எதிர்த்துப் பிரபுக்கள் முதலானோர் 1648 தொடக்கம் 1653 வரை நடத்திய கலகத்திலே லா ரோஷ்பூக்கோ முன்னணியில் நின்றவர். 1652இல் பாரிஸ் நகரின் புறத்தே நிகழ்ந்த சண்டையில் முகத்திற் காயமுற்றுப் பார்வையையே இழக்கும் நிலைக்கு ஆளானவர். கலகம் தோல்வியுற்றது. வாளேந்திய பிரபுக்கள் அரசவையிலே பதவிக்கும் சலுகைக்கும் காத்துநிற்கும் பரிவாரமாயினர். செயலுக்கு இடமற்றுப்போன அவ்வர்க்கத்தினர் விருந்தகங்களிற் கூடி ஒருவரையொருவர் கூர்ந்து நோக்கி, அந்நோக்கின் முடிபுகளைச் சுருக்கமாகச் செதுக்குவதை ஒரு கலையாக வளர்த்தனர். புன்னகைக்கும் புகழுரைக்கும் பின்னால் தன்னலமே நிற்பது அவ்வரசவையின் அன்றாட உண்மை. அவ்வகையில் அவரது நோக்கு மிகக் கூர்மையானது. தன் காலத்து அரசவையின் இயல்பை மனிதகுலம் முழுவதன் இயல்பாக எழுதியமையே அவரது எல்லையாகும்.

ஆடம் சிமித்தின் கதி இதனின்றும் சற்று வேறானது. இறைச்சி விற்பவரும் பாண் சுடுபவரும் எம்மீதுள்ள இரக்கத்தாலன்றித் தம் நலங் கருதியே எமக்கு உணவளிக்கின்றனர் என்னும் பொருள்பட 1776இல் அவர் எழுதிய பகுதி, முதலாளித்துவ சமுதாயத்தின் பழமொழியாகவே மாறிவிட்டது. அதே சிமித் 1759இல் வெளியிட்ட ஒழுக்க உணர்ச்சிகள் பற்றிய நூலை, மனிதர் எத்துணைத் தன்னலமுடையோராயினும் பிறரது இன்ப துன்பங்களில் ஈடுபாடு கொள்ளும் இயல்பும் அவர்களிடத்து உண்டு என்ற கருத்துடனேயே தொடங்குகிறார். முதலாவது வாக்கியம் உலகெங்கும் பரவியது. இரண்டாவது நூலகங்களிலே தங்கிவிட்டது. வாக்கியமொன்றின் பரவலை அதன் உண்மை மாத்திரம் தீர்மானிப்பதில்லை. அதற்கான தேவை யாருக்கு உள்ளது என்பதும் தீர்மானிக்கின்றது.

மனித சாரம் தனிமனிதன் ஒவ்வொருவனுள்ளும் உறையும் அரூபப் பொருளன்று, சமுதாய உறவுகளின் தொகுதியே அது என்னும் கருத்தை மார்க்ஸ் 1845இல் ஃபொயர்பாக் பற்றிய தமது குறிப்புகளிலே முன்வைத்தார். இதனை, மனித இயல்பு என ஒன்று இல்லவேயில்லை எனக் கூறியதாகச் சிலர் விளங்கிக்கொண்டனர். அவ்விளக்கம் பொருந்தாது என நோர்மன் ஜெராஸ் 1983இல் எழுதிய சிறுநூல் விரிவாக எடுத்துக்காட்டியது. உணவு, ஓய்வு, உறவு, தன்னாற்றலைப் பயன்படுத்தும் வாய்ப்பு ஆகியன எக்காலத்து மனிதர்க்கும் தேவையானவை. இப்பொது இயல்பை மறுப்பது எமது நோக்கமன்று. குறிப்பிட்டதொரு காலத்தின், குறிப்பிட்டதொரு வர்க்கத்தின் பழக்கத்தை அப்பொது இயல்பின் ஆசனத்தில் அமர்த்துவதையே நாம் ஆட்சேபிக்கிறோம். அடியாத மாடு படியாது என்பது உழவனின் வழக்கிலிருந்து பிறந்தது. அதனை வகுப்பறைக்குக் கொண்டுவந்து குழந்தையின் இயல்பாகக் கூறும்போது, பிரம்பு ஏந்திய கை தன்னை நியாயப்படுத்திக்கொள்கிறது.

நம்பிக்கை பற்றிய சொற்கள்

நம்பிக்கை பற்றி எமது மக்கள் வழங்கிய பழமொழிகள், அவர்கள் வெறும் மூடபக்தியில் மூழ்கியிருந்தனர் என்னும் எளிய கருத்தை மறுப்பனவாகும். கடவுள் வரங்கொடுத்தாலும் பூசாரி இடங்கொடான் என்றும், கோயிற் பூனை தேவருக்கு அஞ்சாது என்றும், ஊருக்குச் சாத்திரஞ் சொல்லும் பல்லி கூழ்ப்பானையில் விழுந்தது என்றும் கூறியவர்கள் பக்தர்களே. அவர்கள் தெய்வத்தை மறுக்கவில்லை. தெய்வத்தின் பெயரால் நடைபெறும் இடைத்தரகை நன்கறிந்திருந்தனர். இவற்றுள் முதலாவது பழமொழி வடபகுதியிலே வரலாற்று நிகழ்ச்சியாகவே உருப்பெற்றது. சமுதாயக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் நிறைவேறியும் ஆலயக் கதவுகள் தாமாகத் திறக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் வழிபாட்டுரிமை கோரி நின்றபோது, வரங்கொடுப்பது யார், இடங்கொடாதிருப்பது யார் என்ற வினா பழமொழியினின்றும் வெளிவந்து வீதியிலே நின்றது. ஒரு பழமொழிக்குள் நெடுங்காலம் முணுமுணுப்பாக இருந்த உண்மை, இயக்கமாகத் திரண்டபோதே கோரிக்கையாயிற்று.

பெயர்பெற்ற பொன்மொழிகளின் வரலாறு வேறொரு படிப்பினையைத் தருகிறது. மதம் மக்களுக்கு அபினி என்பதாகச் சுருக்கி வழங்கும் மார்க்ஸின் கருத்தை அறியாதார் இலர். 1844இல் வெளியான, ஹெகலின் உரிமை மெய்யியல் பற்றிய விமர்சனத்துக்கான முன்னுரையிலே அது இடம்பெறுகிறது. அவ்வொப்புமைக்கு முன்னுள்ள வாக்கியங்களையும் சேர்த்துப் படிப்போருக்கு வேறொரு தொனி புலப்படும். மதத்தின் துயரம் உண்மையான துயரத்தின் வெளிப்பாடும் அதற்கெதிரான முறையீடும் ஆகும் என்றும், ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சு அது என்றும் அங்கு கூறப்படுகிறது. அபினி அக்காலத்திலே ஐரோப்பிய மருந்தகங்களில் வலி தணிக்கும் மருந்தாக எளிதிற் கிடைத்த பொருள். வலியின் காரணத்தை அகற்றாது மருந்தை மாத்திரம் இகழ்வதில் பயனில்லை என்பதே அப்பகுதியின் போக்கு. ஒரு சொற்றொடர் தனித்துப் பெயர்த்தெடுக்கப்பட்டபோது, மதத்தை ஏசுவோருக்கும் மார்க்ஸை ஏசுவோருக்கும் ஒரே வேளையில் அது பயன்பட்டது. இரு சாராருமே துயரம் பற்றிய பகுதியை விட்டுவிட்டனர்.

எமது நாட்டோடு நெருங்கிய தொடர்புடைய மற்றோர் உதாரணம் புத்தர் காலாமர்க்கு உரைத்த சுத்தமாகும். எவர் கூறினும் எதனையும் நம்பாதீர், உமது பகுத்தறிவுக்கும் பொதுப்புத்திக்கும் ஒத்துவந்தால் மாத்திரம் ஏற்றுக்கொள்வீர் என்னும் பொருளில் ஒரு வாக்கியம் புத்தர் பெயரால் உலகெங்கும் வழங்குகிறது. அங்குத்தர நிகாயத்திலுள்ள மூலம் இதனைவிட ஆழமானது. கேசபுத்தத்தில் வாழ்ந்த காலாமர் புத்தரிடம் முறையிடுகின்றனர். பல போதகர்கள் வந்துபோகின்றனர். ஒவ்வொருவரும் தம் கொள்கையைப் போற்றிப் பிறர் கொள்கையை இகழ்கின்றனர். யாரை நம்புவது என்பது அவர்களது வினா. செவிவழிச் செய்தி, மரபு, வேதநூல் என்பவற்றோடு தருக்கம், அநுமானம், தன் கருத்துக்கு ஒத்திருத்தல், போதகரின் தகுதி, எம் ஆசான் இவர் என்ற மதிப்பு முதலியவற்றையும் போதிய ஆதாரங்களாகக் கொள்ளவேண்டாம் எனப் புத்தர் விடையளிக்கிறார். ஒரு நெறி கைக்கொள்ளப்பட்டால் தீங்கும் துன்பமும் விளையுமா, அறிவுடையோர் அதனைப் பழிப்பரா என்று தாமே அறிந்து தீர்மானிக்குமாறு அவர் கூறுகிறார். தனிமனிதனின் பொதுப்புத்திக்கு நவீன காலம் வழங்கிய மகுடம் மூலத்தில் இல்லை. விளைவை வைத்துச் சோதிக்கும் சமூகப் பொறுப்பே அங்குள்ளது. ஆசானென்ற மதிப்பால் மாத்திரம் எதனையும் ஏற்கவேண்டாம் என்னும் அறிவுரைக்கு ஆசானின் பெயரையே ஆதாரமாகக் காட்டும் நிலை பொன்மொழிக் கலாசாரத்தின் போக்கை நன்கு விளக்குகிறது.

திருவள்ளுவரும் இவ்வினாவை இரு இடங்களிலே எதிர்நோக்கினார். அறிவுடைமை அதிகாரத்திலே கூறுபவர் யாராயினும் கூற்றின் உண்மையைக் காணவேண்டும் என்றும், மெய்யுணர்தல் அதிகாரத்திலே பொருளின் வெளித்தோற்றம் எதுவாயினும் அதனுள் உண்மையைக் காணவேண்டும் என்றும், ஏறக்குறைய ஒரே சொல்லமைப்பில் இரு குறள்கள் அமைந்துள்ளன. சொன்னவரின் பெருமையும் பொருளின் பகட்டும் அறிவை மயக்கும் இரு வாயில்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். இவ்விரு குறள்களையும் மனனஞ் செய்து ஒப்புவிப்பதோடு நின்றுவிடும் கல்விமுறை, அவை விதிக்கும் கடமையை நிறைவேற்றுவதாகாது.

பழமொழி மீதான நம்பிக்கையே ஒரு தனி நம்பிக்கையாக வளர்ந்திருப்பதையும் இங்கு சுட்டவேண்டும். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பது ஆயிரம் வேரைக் கண்டவன் என்பதன் திரிபு என்றும், மண் குதிரை என்பது மண் குதிர் என்பதன் திரிபு என்றும், பெண்புத்தி பின்புத்தி என்பது பின்வருவதை முன்னறியும் புத்தி என்றும் விளக்குவோர் பலர். மூல வடிவம் திரிந்திருத்தல் இயலாததன்று. ஆயினும் பழைய பதிப்போ ஏடோ சான்றாகக் காட்டப்படாமல், முன்னோர் தவறாக எதனையும் சொல்லியிருக்கமாட்டார் என்ற முடிபிலிருந்தே இவ்விளக்கங்கள் பெரும்பாலும் பிறக்கின்றன. பெண்ணை இழிவுபடுத்திய ஒரு சொல்லைப் புதுப்பொருள் கூறிக் காப்பாற்றுவதைவிட, அவ்வாறு இழிவுபடுத்திய சமுதாயம் இருந்தது என ஒப்புக்கொள்வது வரலாற்றுணர்வுக்கு உகந்தது.

நவீன சமுதாயத்தின் பழமொழிகள்

நவீன சமுதாயம் பழமொழிகளைக் கைவிட்டுவிட்டதாகக் கருதுவது தவறு. அது தனக்கேயுரிய பழமொழிகளை உற்பத்தி செய்துகொண்டது. பெஞ்சமின் பிராங்கிளின் பிலடெல்பியாவில் 1732 தொடக்கம் கால் நூற்றாண்டுக் காலம் வெளியிட்ட பஞ்சாங்கம், நாள் கோள் விவரங்களுக்கிடையே உழைப்பையும் சிக்கனத்தையும் போதிக்கும் வாக்கியங்களைத் தாங்கி வந்தது. அவற்றுட் பல முன்னோர் தொகுதிகளிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதை அவரே மறைக்கவில்லை. இளம் வணிகனொருவனுக்கு அறிவுரையாக 1748இல் அவர் எழுதிய கட்டுரையே காலத்தைப் பணத்தோடு சமன்படுத்தும் வாக்கியத்தை உலகறியச் செய்தது. மக்ஸ் வெபர் 1904-05இல் வெளியிட்ட ஆய்வில் முதலாளித்துவ மனப்பாங்கின் தூய வடிவமாக இவ்வறிவுரையையே எடுத்துக்கொண்டார். இ. பி. தொம்சன் 1967இல் எழுதிய கட்டுரையோ, வேலையின் தேவைக்கேற்பப் பொழுதை அளந்த மக்கள், கடிகாரத்தின் மணிக்கேற்ப வேலையை அளக்குமாறு எவ்வாறு பழக்கப்படுத்தப்பட்டனர் என்பதை விளக்கிற்று.

காலம் பொன்னானது என்று நாமும் மாணவர்க்குப் போதிக்கிறோம். யாருடைய காலம் யாருக்குப் பொன்னாகிறது என்ற வினாவை அத்துடன் சேர்ப்பதில்லை. மலையகத் தோட்டங்களிலே விடியுமுன் எழுந்த பறையொலி தொழிலாளரைப் பிரட்டுக்களத்திற்கு அழைத்தது. நாள் முழுதும் மலையேறிக் கொழுந்து பறித்தும் குறித்த நிறை சேராவிடின் அரைப்பெயர் மாத்திரமே பதிவாகும் வழக்கம் அங்கு நிலவியது. ஒரு முழுநாளை அளித்தவருக்கு அரைநாளே கணக்கில் எழுதப்படுமிடத்து, காலம் கடிகாரத்தாலும் அளக்கப்படவில்லை. கடின உழைப்பாலும் அளக்கப்படவில்லை. காலத்தின் அருமையை அத்தொழிலாளப் பெண்ணுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தன் காலம் தனதாக இல்லை என்பதே அவளது பிரச்சினை.

சிக்கனம் பற்றிய முதுமொழிகளும் இவ்வாறே இடம்பெயர்கின்றன. விரலுக்கேற்ற வீக்கம் என்பது குடும்ப வரவுசெலவுக்குத் தக்க எச்சரிக்கையாகும். இலங்கை அரசாங்கம் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களை மீளச் செலுத்துவதை இடைநிறுத்திய பின்னர், இத்தகைய இல்லற அறிவுரைகளை நாட்டின் பொருளாதாரத்துக்கு அப்படியே பொருத்திப் பேசுதல் எளிதாயிற்று. குடும்பமும் நாடும் ஒரே வகையில் இயங்குவனவல்ல. ஒருவரின் செலவே மற்றொருவரின் வருமானம் ஆதலால், அனைவரும் ஒரே வேளையில் செலவைச் சுருக்கின் அனைவரது வருமானமும் சுருங்கக்கூடும் என்பதைக் கெயின்ஸ் 1936இல் வெளியிட்ட நூலிலே நிறுவ முயன்றார். அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு உண்மையே. அதற்குப் பரிகாரமும் தேவையே. ஆனால், கடன் வாங்கத் தீர்மானித்தவர் யார், அதனால் ஆதாயமடைந்தவர் யார், இன்று உணவையும் மருந்தையும் குறைத்துக்கொள்பவர் யார் என்னும் வினாக்கள் விரலும் வீக்கமும் என்னும் உவமையுள் அடங்குவதில்லை. உவமையிலே விரலும் வீக்கமும் ஒருவருக்கே உரியன. நாட்டிலே வீங்கியவர் ஒருவர், வலியை அநுபவிப்பவர் மற்றொருவர்.

சமுதாயம் என ஒன்றில்லை, தனிமனிதரும் குடும்பங்களுமே உள்ளனர் என்னும் கருத்துப்பட மார்கிறட் தச்சர் 1987இல் பெண்கள் சஞ்சிகையொன்றுக்களித்த நேர்காணலிற் கூறியமை நவீன காலப் பொன்மொழிகளுட் பெயர்பெற்றது. அயலவர்க்கு உதவும் கடமையை அவர் அங்கு வலியுறுத்தியதாக அவர் ஆதரவாளர் வாதிடுவர். அப்பகுதியும் நேர்காணலில் உள்ளதே. ஆயினும் கடமையைத் தனிமனிதரிடம் விட்டு, வேலையின்மைக்கும் வீடின்மைக்கும் சமுதாய அமைப்பிலே காரணந் தேடுவதைத் தவிர்ப்பதே அதன் முழுமையான வாசிப்பிலும் எஞ்சுகிறது. சூழலை மீட்டெடுப்பது ஒருவரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதற்காக மாத்திரமன்று. எமது விமர்சனத்தைத் துல்லியமாக்குவதற்காகவும் ஆகும்.

இன்றைய மின்னணுத் தொடர்பு சாதனங்கள் இப்போக்கினை விரைவுபடுத்தியுள்ளன. பெயரொன்று, நிழற்படமொன்று, இரு வரிகள் ஆகியவை சேர்ந்தால் பொன்மொழி ஆயத்தமாகிவிடுகிறது. எனினும் பொய்யான பெயர் சூட்டுதல் இச்சாதனங்களோடு தொடங்கியதன்று. எதிராளியின் கருத்தை ஏற்காவிடினும் அதனைக் கூறும் அவரது உரிமையைச் சாகும்வரை காப்பேன் என்னும் கருத்துடைய புகழ்மிக்க வாக்கியத்தை வோல்ட்டயர் எழுதவில்லை. எவ்லின் பியற்றிஸ் ஹோல் என்ற ஆங்கில எழுத்தாளர் புனைபெயரில் 1906இல் வெளியிட்ட நூலிலே, ஹெல்வேஷியஸின் நூல் எரிக்கப்பட்டமை பற்றி வோல்ட்டயர் கொண்டிருந்த மனப்பாங்கைச் சுருக்கிக் கூற அவர் அமைத்த வாக்கியம் அது. அது தமது சொற்களே என அவரே பின்னர் தெளிவுபடுத்தினார். வோல்ட்டயரின் பெயர் நிலைத்தது. வாக்கியத்தை ஆக்கிய பெண்ணின் பெயர் மறைந்தது. பெரிய பெயர்கள் சிறிய பெயர்களின் உழைப்பை உண்ணும் வழக்கம் சிந்தனை உலகிலும் உண்டு.

முடிவாக

இவ்வாறெல்லாம் கூறுவதால் பழமொழிகளையும் பொன்மொழிகளையும் ஒதுக்கிவிடவேண்டும் என்பது எமது கருத்தன்று. இத்தாலியப் பாசிச ஆட்சியின் சிறையிலிருந்து 1929க்கும் 1935க்கும் இடையே கிராம்சி எழுதிய குறிப்பேடுகள் இவ்விடயத்தில் எமக்கு வழிகாட்டவல்லன. மொழியிலும் பொதுப்புத்தியிலும் மக்கள் நம்பிக்கைகளிலும் ஒரு மெய்யியல் பொதிந்திருப்பதால் எல்லா மனிதரும் ஒருவகையில் மெய்யியலாளரே என்றார் அவர். அதே வேளையில், பொதுப்புத்தி பல காலங்களின் படிவுகள் ஒழுங்கின்றிச் சேர்ந்த தொகுதி என்றும், அதனுள்ளே ஆரோக்கியமான நற்புத்தியின் கரு உண்டு என்றும், அக்கருவைப் பிரித்தெடுத்து வளர்ப்பதே செய்யத்தக்கது என்றும் அவர் கருதினார். மக்கள் சொல்லை வணங்குவதும் இகழ்வதும் ஆகிய இரு வழிகளுக்கும் இது மாற்றாகும்.

எழுத்தறிவு மறுக்கப்பட்டோர் எமக்கு விட்டுச்சென்ற ஆவணங்களுள் பழமொழி முதன்மையானது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்ற பழமொழியைச் சிந்திப்போம். அம்பலத்திலே பேச அநுமதிக்கப்படாத ஒருவர் அத்தடையையே சொல்லாக்கினார். அவர் ஏறமுடியாத அம்பலத்திலே அவரது சொல் இன்று ஏறி நிற்கிறது. வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்பதும் இத்தகையதே. அதனை உலக நியதியாகக் கொண்டு பணிந்துபோவோரும் உளர். வாய்க்காலை வகுத்தவன் இயற்கையல்லன், ஒரு மனிதனே என்னும் செய்தியை அதிலிருந்து பெறுவோரும் உளர். இரண்டாவது வாசிப்பு, வகுக்கப்பட்டதை மீண்டும் வகுக்கலாம் என்ற எண்ணத்துக்கு இடமளிக்கிறது.

ஆகவே இத்தகைய வாக்கியமொன்றைச் சந்திக்கும்போது மூன்று வினாக்களை எழுப்புதல் பயனுடைத்து. இதனை யார், யாரை நோக்கி, எந்த வேளையிற் கூறினார் என்பது முதலாவது. இன்று இதனை யார், யாரிடம், எதனை நிறுவுவதற்காக எடுத்தாளுகிறார் என்பது இரண்டாவது. இதனை ஏற்றுக்கொண்டால் யாருக்கு நன்மை, யாருக்குத் துன்பம் விளையும் என்பது மூன்றாவது. முதலாவது வினா தொல்காப்பியரின் இலக்கணத்தோடும், மூன்றாவது வினா காலாமர் பெற்ற விடையோடும் தொடர்புடையன என்பதை வாசகர் உணர்வர். இரண்டாவது வினாவையே எமது காலம் வலிந்து வேண்டிநிற்கிறது.

எமது பாடசாலைகளில் பழமொழிக்குக் கருத்தெழுதும் பயிற்சி நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. கூறப்பட்ட கருத்தை விரித்து, உதாரணங்காட்டி, இறுதியில் அதனையே உண்மையென முடிப்பது அப்பயிற்சியின் வழமையான அமைப்பாகும். அதே பழமொழிக்கு மாறான மற்றொன்றையும் அருகே எழுதுவித்து, இரண்டையும் எத்தகையோர் கூறியிருப்பர் என மாணவரை ஆராயச் செய்தல் அரிதன்று. தமிழாசிரியர்களும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையினரும் இச்சிறு மாற்றத்தை முயன்று பார்ப்பார்களாயின், மனனத்துக்குரிய பொருளாகவே இருந்துவந்த முதுமொழி சிந்தனைக்குரிய பொருளாக மாறும். கிராமந்தோறும் தோட்டந்தோறும் இன்னும் வழங்கும் பழமொழிகளைச் சொல்பவரின் தொழில், பால், சூழ்நிலை ஆகிய விவரங்களோடு பதிவுசெய்யும் பணியும் எம்முன் உள்ளது. பேர்சிவல் சொற்களைத் தந்தார். அவற்றைப் பேசியோரையும் பேசிய சூழலையும் சேர்ப்பது எமது தலைமுறையின் பொறுப்பாகும்.